விதைநெல்லும் சோற்றரிசியும்: இழப்பில்லா ஒலிக்கோப்புகளை முதன்முதலாகக் கையாள்வோருக்கு

1987-இல் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அத்தைப்பாட்டி பாடிய நலங்குப் பாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. மைக் செட்காரர் பதிவு செய்து கொடுத்தது. 2006 வாக்கில் அதைக் கணினிக்கு மாற்ற ஒரு கடையில் கொடுத்தோம். எம்பி3 ஆக்கி, சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். ‘இனி இந்தக் கேசட் எதற்கு’ என்று அடுத்த போகியில் அது வீட்டைவிட்டுப் போயிற்று.

சில ஆண்டுகள் கழித்து, பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் இரைச்சலைக் குறைக்கலாமே என்று அந்தக் கோப்பை ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தேன். இரைச்சல் குறைந்தது. கூடவே அத்தைப்பாட்டியின் குரல் குடத்துத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குளறியது. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தால் நொடிக்கு வெறும் 64 கிலோபிட், மோனோ (ஒரே தடம்).

நடந்தது இதுதான். எம்பி3 ஒரு ஒலியைச் சுருக்கும்போது காதுக்கு எட்டாது என்று தான் கருதுவதைத் தூக்கி எறிந்துவிடுகிறது. பலத்த சத்தத்துக்கு அருகில் இருக்கும் மெல்லிய சத்தம் நமக்குக் கேட்காது. அதனால் அதை வைத்திருப்பதில் பயனில்லை என்பது அதன் கணக்கு. கேட்கும் வரைக்கும் அந்தக் கணக்கு சரி. ஆனால் மறைத்துக்கொண்டிருந்த இரைச்சலை நாம் நீக்கியவுடன் அதன் அடியில் இருந்த ஓட்டைகள் வெளியே தெரிந்துவிட்டன. அந்த ஓட்டைகளை நிரப்ப வேண்டியது கேசட்டில் இருந்தது. கேசட்டோ போகியில் போய்விட்டது.

அன்றிலிருந்து என் கணக்கு எளிமையானது. எதையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கும் இழப்பில்லாக் கோப்பு விதைநெல். எம்பி3, ஏ.ஏ.சி. போன்றவை சோற்றரிசி. நெல்லை எப்போது வேண்டுமானாலும் குத்தி அரிசியாக்கிக்கொள்ளலாம். அரிசியை விதைத்தால் முளைக்காது. கீழே வருவதெல்லாம் இந்த நெல்லை எங்கே எடுப்பது, எந்தச் சாக்கில் கட்டுவது, எப்போது குத்துவது என்பதுதான்.

படி 1: மூன்று எண்களைப் படிக்கப் பழகுங்கள்

கணினி ஒலி அலையை எண்களாக வாங்கிக்கொள்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்கிறது என்பது பிட் ஆழம். மூன்றாவது, எத்தனை தடங்கள் என்பது. பெரும்பாலும் இடது, வலது என இரண்டு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-இல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் நொடிக்கு 44,100 அளவுகள், 16 பிட், இரண்டு தடங்கள். பெருக்கிப் பாருங்கள்: 44,100 × 16 × 2 = 14,11,200. கோப்பின் விவரங்களில் ‘1411 கிலோபிட்’ என்று கண்ணில் படும் எண் இதுதான்.

ஏன் 44,100? நல்ல இளங்காது கேட்கும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அலையைப் பிடிக்க அதன் அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக அளந்தால் போதும். அதற்கு மேல் அளப்பதால் கேட்பவருக்கு வந்து சேர்வது ஒன்றுமில்லை. 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைக் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

16 பிட் என்றால் மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பலத்த சத்தத்துக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம். 24 பிட்டில் அது 144. கேட்பதற்கு 16 தாராளம். பதிவு செய்வதற்கு 24 வேண்டும். காரணம் கேசட் பகுதியில் வரும்.

ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று சி.டி. தரத்தில், சுருக்காமல் இருந்தால் சுமார் 53 மெகாபைட். அதையே இழப்பில்லாமல் சுருக்கினால் பொதுவாக 30-ஐ ஒட்டி வரும். பாட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். 320 கிலோபிட் எம்பி3 என்றால் 12. 128 கிலோபிட் என்றால் ஐந்துக்கும் கீழே.

படி 2: ‘சுருக்கினால் குறையாதா?’ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது இது. 53 மெகாபைட் 30 ஆனால் மீதி 23 எங்கே போயிற்று? ஏதோ போயிருக்கத்தானே வேண்டும்?

ஒரு தாளை எடுத்து இந்த எண்களை எழுதுங்கள்: 500, 503, 507, 510, 512. அடுத்த வரியில் முதல் எண்ணை மட்டும் முழுதாக எழுதி, மற்றவற்றுக்கு வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள்: 500, 3, 4, 3, 2. இரண்டாவது வரி சின்னது. ஆனால் அதிலிருந்து முதல் வரியை ஒரு புள்ளி பிசகாமல் திரும்ப எழுதிவிடலாம். ஒலி அலை வழவழவென்று ஏறி இறங்குவது. ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் பெரிய தாவல் அடிக்கடி இருக்காது. ஃபிளாக் (FLAC) போன்ற இழப்பில்லா வடிவங்கள் இதையே இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்கின்றன. முந்தைய சில எண்களை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகம் எவ்வளவு தவறியது என்பதை மட்டும் எழுதிவைக்கின்றன. திறக்கும்போது அதே ஊகத்தைச் செய்து, பிசகைக் கூட்டிக்கொள்கின்றன. வெளியே வருவது பழைய எண்களேதான். ஆவணங்களை ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புகிறோம். பிரித்தால் ஓர் எழுத்தாவது குறைகிறதா?

இடது, வலது தடங்களுக்கும் இதே தந்திரம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருந்தால் வித்தியாசம் சுழியம். ஒரு தடத்துக்கான இடம் ஏறக்குறைய மிச்சம். 1950-களின் மோனோ திரைப்பாடல்களைச் சி.டி.யிலிருந்து எடுத்தால் சில ஃபிளாக் கோப்புகள் 400 கிலோபிட் அளவில் வந்து நிற்பது இதனால்தான். உரக்கப் பதிவு செய்த புதுப்பாட்டு 1000-ஐத் தாண்டும். முன்னதன் தரம் குறைவு, பின்னதன் தரம் கூடுதல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எம்பி3-இல் கிலோபிட் எண் தரத்தைச் சொல்லும். ஃபிளாக்கில் அது அந்தப் பாட்டைச் சுருக்குவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சொல்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இழப்பில்லாதது என்றால் நன்றாக இருக்கும் என்று பொருளல்ல. கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருக்கும், அவ்வளவுதான். இரைச்சலைக் கொடுத்தால் இரைச்சலையும் பத்திரமாக வைத்திருக்கும்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெயர்ப் பட்டியல் நீளமானது. தேவைப்படுவது மூன்று.

ஃபிளாக். ஜோஷ் கோல்சன் எழுதியது. 2001-இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2003 முதல் ஸிஃப் (Xiph.Org) அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. யாருக்கும் உரிமத்தொகை கட்ட வேண்டாம். 2024 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 9639 என்ற எண்ணில் இணையத் தர ஆவணமாகவும் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்க முடியுமா என்பது உங்கள் கவலையென்றால் இந்த ஆவணம் இருப்பதே பெரிய ஆறுதல். நிரல் எல்லாம் மறைந்தாலும் அதைப் படித்து ஒருவர் புதிதாக எழுதிக்கொள்ளலாம். மாற்றும் மென்பொருளில் 0 முதல் 8 வரை ஓர் அளவுகோல் தெரியும். அது தரமில்லை, சுருக்குவதற்கு எவ்வளவு பாடுபடுவது என்பது. 0-விலும் 8-இலும் கேட்பது ஒன்றே. வழக்கமாக 5-இல் வைத்திருப்பார்கள். அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

அலாக் (ALAC). ஆப்பிள் 2004-இல் கொண்டுவந்தது. 2011-இல் நிரலைத் திறந்துவிட்டது. ஆப்பிளின் மியூசிக் செயலி ஃபிளாக் கோப்பைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டில் ஐபோனும் மேக்குமே இருக்கின்றன, அந்தச் செயலியில்தான் கேட்பீர்கள் என்றால் அலாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. அலாக் கோப்பின் பின்னொட்டு எம்4ஏ, இழப்புள்ள ஏ.ஏ.சி. கோப்பின் பின்னொட்டும் அதுவே. பெயரைப் பார்த்து இனம் காண முடியாது. விவரங்களைத் திறந்து, ஆப்பிள் லாஸ்லெஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிளாக்கிலிருந்து அலாக்குக்கும், அங்கிருந்து மறுபடி ஃபிளாக்குக்கும் நூறு முறை மாற்றினாலும் ஒன்றும் தேயாது. ஆகவே இந்தத் தேர்வில் தப்பு செய்தாலும் பரவாயில்லை.

வேவ். மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991-இல் வெளியிட்டது. சுருக்கமே இல்லாத பச்சை எண்கள். ஒலிப்பதிவுக்கூடங்களில் இதுதான் கைமாறும்; எந்த மென்பொருளும் மறுக்காது. ஆனால் சேமிப்புக்கு நான் இதை வைத்துக்கொள்வதில்லை. இடம் இரட்டிப்பாகும் என்பது சின்னக் குறை. பாடியவர், ராகம், ஆண்டு என்று விவரங்களை எழுதிவைக்க எல்லா மென்பொருளும் ஒத்துக்கொள்ளும் இடம் அதில் இல்லை என்பது பெரிய குறை. அதோடு, சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது; நீளத்தை எழுத ஒதுக்கிய கட்டத்தில் அதற்கு மேற்பட்ட எண்ணுக்கு இடமில்லை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தால் இரண்டு மணி நான்கு நிமிடத்தில் அந்தச் சுவரில் முட்டும். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மங்களம் போய்விடும். நீளமான பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நேராக ஃபிளாக்கில் பதியுங்கள்.

ஏ.ஐ.எஃப்.எஃப். என்பது 1988-இல் ஆப்பிள் கொண்டுவந்த, வேவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். யாராவது கொடுத்தால் ஃபிளாக்காக மாற்றிக்கொள்ளுங்கள். மங்கீஸ் ஆடியோவின் ஏ.பி.இ. கோப்புகளுக்கும் அதே வைத்தியம். அவை நன்றாகச் சுருங்கும், ஆனால் சுருக்கும்போது பட்ட சிரமத்தைத் திறக்கும்போதும் பட வேண்டும். கைப்பேசியின் மின்கலம் அதற்கு அழும். வேவ்பேக் நல்ல வடிவம், தொழில்முறைப் பதிவாளர்களுக்குப் பயன்படும். நமக்கு அவசியமில்லை.

படி 4: சி.டி. இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்

முதலில் கையில் இருப்பது உண்மையான ஆடியோ சி.டி.தானா என்று பாருங்கள். ஆடியோ சி.டி.யில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம் அடங்கும். பதினைந்து பாட்டு வரும். நடைபாதையில் ‘ஒரே தட்டில் 150 பாட்டு’ என்று விற்றார்களே, அவை எம்பி3 தட்டுகள். அவற்றை ஃபிளாக்காக மாற்றுவது சோற்றரிசியைச் சாக்கில் கட்டி விதைநெல் என்று எழுதிவைப்பது. அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய தட்டுகளிலும் எச்சரிக்கை தேவை. சி.டி. பிளேயரில் ஓடும், ஆனால் அவர்கள் எம்பி3-இலிருந்து எடுத்துப் பதித்திருக்கக்கூடும்.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி. ஆகியவற்றைப் பலரும் நம்புகிறார்கள், இரண்டும் இலவசம். வெறுமனே தட்டைப் படிக்கிற மென்பொருளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பாட்டுச் சி.டி.யைக் கீறல் விழுந்த இடத்தில் படிக்க முடியாமல் போனால் இயக்கி பக்கத்து எண்களை வைத்து இட்டு நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டே இருக்கும். இந்த மென்பொருள்கள் சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கின்றன. முடிந்ததும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதே தட்டை உலகில் வேறு யாரெல்லாம் படித்தார்களோ அவர்களுக்கு வந்த எண்ணோடு ஒப்பிடுகின்றன. அந்தப் பொதுத் தொகுப்பின் பெயர் அக்யுரேட்ரிப். எண் ஒத்துப்போனால் உங்கள் நகல் பிசகில்லாதது.

சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட பக்திப் பாடல் தட்டு, உள்ளூர்க் கச்சேரித் தட்டு போன்றவை அந்தத் தொகுப்பில் இல்லாமல் போகலாம். அப்போது ‘சோதித்துப் பிறகு நகலெடு’ என்ற வசதியைத் தேர்ந்தெடுங்கள். மென்பொருள் அதே தட்டை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றாக வராத பாட்டுக்கு, தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், தடத்தின் போக்கிலேயே கீறல் விழுந்தால் மீட்பது கடினம்.

படித்து முடித்ததும் அதன் அறிக்கைக் கோப்பையும் பாட்டுகளுடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டுக்கு 350 முதல் 400 மெகாபைட் என்று வைத்தால் இருநூறு தட்டுகள் 80 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். இன்றைக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவு.

கச்சேரித் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இழப்பில்லா வடிவத்தில் இன்னொரு லாபம் உண்டு. ராகம், தானம், பல்லவியை மூன்று தடங்களாகப் பிரித்திருப்பார்கள். தம்பூரா மட்டும் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்கிறது. சில பிளேயர்கள் அதை வெட்டிவிட்டு வாசிக்கும். பல அப்படிச் செய்யாது. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்பூரா ஒரு கணம் மூச்சுத் திணறி நிற்கும். ஒரு முறை காதில் பட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அதற்காகவே காத்திருப்பீர்கள். ஃபிளாக்கில் மௌனம் சேர்வதே இல்லை.

படி 5: கேசட்டிலிருந்து எடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். இங்கேதான் இழப்பில்லா வடிவம் கட்டாயமும்கூட. சி.டி. இன்னொருவரிடம் இருக்கும். வீட்டுக் கேசட் உலகத்தில் ஒன்றுதான்.

நல்ல கேசட் டெக் ஒன்றை இரவல் வாங்குங்கள். யு.எஸ்.பி. வைத்த மலிவான கேசட் பிளேயர்களைத் தவிர்க்கச் சொல்வேன். பல மாதிரிகளில் மோட்டார் வேகம் தள்ளாடும், சுருதி ஆடும். டெக்கின் தலைப்பகுதியை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். பழுப்பாக வரும், வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பல ஆண்டுகளாகச் சுற்றாத நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். டால்பி (நாடா இரைச்சலைக் குறைப்பது) பொத்தான் இருந்தால், பதிவு செய்தபோது அதைப் பயன்படுத்தினார்கள் என்று உறுதியாகத் தெரியாதவரை அணைத்தே வையுங்கள்.

டெக்கின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினியின் ‘லைன் இன்’ துளைக்குக் கம்பி. மடிக்கணினியில் மைக் துளை மட்டும் இருந்தால் அதில் செருகாதீர்கள்; அது மெல்லிய மைக் ஒலியைப் பெருக்குவதற்கானது, டெக்கின் ஒலி அதில் கிழியும். சிறிய யு.எஸ்.பி. ஒலி இடைமுகம் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதும்.

அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணக் கேசட்டில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இருக்காது என்பதால் 96-க்குப் போவது வெறும் இடச்செலவு. ஆனால் 24 பிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். டிஜிட்டலில் சுழியம் டெசிபெல் என்பது கூரை. தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், பிறகு ஒட்டாது. கல்யாணப் பதிவில் திடீரென்று கெட்டிமேளம் வரும். 24 பிட்டில் அளவு மிகத் தாராளமாக இருப்பதால், பாட்டின் உரத்த இடம் மைனஸ் 12 டெசிபெல்லில் இருக்கும்படி அடக்கியே பதியலாம். கெட்டிமேளத்துக்கு இடம் இருக்கும், மெல்லிய குரலுக்கும் நட்டமில்லை. பிறகு உயர்த்திக்கொள்ளலாம். நாடாவை ஓட்டி, உரத்த இடம் எங்கே என்று முதலில் தேடிக் கண்டுபிடித்து, அங்கே அளவை வைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

அறுபது நிமிடக் கேசட் இந்த அமைப்பில் வேவாக ஒரு ஜிகாபைட்டைக் கொஞ்சம் தாண்டும். ஃபிளாக்காகச் சேமிக்கும்போது 24 பிட் என்று தெரிவு செய்ய மறக்காதீர்கள். சில பதிப்புகளில் 16 என்று முன்னிருப்பாக இருக்கும்.

பதிவு முடிந்தவுடன் இரைச்சலை நீக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதலில் தொடாத பதிவை, இரைச்சலும் இருமலும் மைக்கின் ஊளையுமாக, அப்படியே ஃபிளாக்காகச் சேமித்து, கோப்பின் பெயரில் ‘மூலம்’ என்று எழுதுங்கள். பிறகு அதன் நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். 50 ஹெர்ட்ஸில் முனகும் மின்சார இரைச்சலை அடக்கலாம், ஓரங்களை வெட்டலாம், பாட்டுப் பாட்டாகப் பிரிக்கலாம். இரைச்சல் நீக்கும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன. இன்று நீங்கள் சுத்தம் செய்ததைவிட நன்றாகப் பத்தாண்டு கழித்து உங்கள் மகள் செய்துவிடலாம், அவளுக்கு மூலம் கிடைத்தால்.

கேசட்டையும் வைத்திருங்கள். போகி வரும், பத்திரம்.

படி 6: வாங்கிய, வாங்காத ஃபிளாக்குகளைச் சோதிப்பது

பின்னொட்டு ஃபிளாக் என்பதால் உள்ளே இருப்பது நெல் என்று நம்பிவிட முடியாது. யாரோ எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றிப் பெயர் சூட்டியிருக்கலாம். கோப்பு பெரிதாகும், போனது வராது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்பதை வண்ணப்படமாகக் காட்டும். சி.டி.யிலிருந்து வந்த புதுப்பாட்டில் நிறம் 22 கிலோஹெர்ட்ஸ் வரை கலைந்து கலைந்து ஏறியிருக்கும். 128 கிலோபிட் எம்பி3-இல் 16-ஐ ஒட்டி அரிவாளால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நின்றுவிடும். 320-இல் அந்தக் கோடு 20-ஐ ஒட்டி இருக்கும்; அங்கே கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். பழைய திரைப்பாடலில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அன்றைய கருவி அவ்வளவுதான் பிடித்தது. அங்கே நிறம் மேலே போகப் போக மங்கி மறையும். மங்கலுக்கும் வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் நாலைந்து கோப்பு பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். உங்களிடம் இருக்கும் சி.டி. ஒன்றை நீங்களே ஃபிளாக்காகவும் 128 எம்பி3-ஆகவும் மாற்றி, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இதைவிட நல்ல பாடம் கிடையாது.

படி 7: கேட்பதற்கு அரிசி குத்துங்கள்

இப்போது கொஞ்சம் கசப்பான உண்மை. ஃபூபார்2000 என்ற பிளேயரில் ஒரு சோதனை வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம்: எது எது என்று சொல்லாமல் இரண்டு கோப்புகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டு, நம்மை ஊகிக்கச் சொல்லும். ஃபிளாக்கையும் அதிலிருந்து நானே செய்த 320 எம்பி3-ஐயும் வைத்து, நல்ல ஹெட்போனில், வீடு அடங்கிய நேரத்தில் உட்கார்ந்தேன். 16 முறையில் 9 சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். 128-இல் வைத்தபோது மட்டும் பிடிபட்டது, அதுவும் ஜால்ராவிலும் கைதட்டலிலும். சலசலவென்று நொறுங்கும் சத்தங்களில்தான் எம்பி3 முதலில் தடுமாறும்.

ஆகவே பஸ்ஸில் போகும்போது கேட்க ஃபிளாக்கைச் சுமக்க வேண்டியதில்லை. 256 கிலோபிட் ஏ.ஏ.சி. அல்லது 320 எம்பி3 போதும். கைப்பேசி ஆதரித்தால் ஓபஸ் என்ற இழப்புள்ள வடிவம் 128 கிலோபிட்டில்கூட நன்றாக இருக்கும். ஒரே நிபந்தனை: அந்த நகல் நேராக இழப்பில்லா மூலத்திலிருந்து வர வேண்டும். எம்பி3-இலிருந்து ஏ.ஏ.சி., அதிலிருந்து இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு படியிலும் தேயும்.

புளூடூத் காதுக்கருவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் ஃபிளாக்கை ஒலிக்கவிட்டாலும் கைப்பேசி அதைக் காற்றில் அனுப்புவதற்காக எஸ்.பி.சி., ஏ.ஏ.சி. போன்ற இழப்புள்ள வடிவம் ஒன்றுக்கு மாற்றித்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. பெரிதாகப் பேசப்படும் எல்டாக் என்ற புளூடூத் வடிவத்தின் உச்சம்கூட 990 கிலோபிட், சி.டி.யின் 1411-க்குக் கீழேதான். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணமின்றி இழப்பில்லாத் தரத்தில் தருகிறது. அதைப் புளூடூத்தில் கேட்பவர் இணையத் தரவை மட்டும் கூடுதலாகச் செலவழிக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு 400 மெகாபைட்டும் அதற்கு மேலும் போகலாம். 256 கிலோபிட்டில் 115 போதும். கம்பியில் கேட்பவர்கள் அந்த அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

காரில் பென் டிரைவ் செருகுபவர்கள் எம்பி3-ஐயே போடுங்கள். எல்லாக் கார்களும் ஃபிளாக்கைப் படிப்பதில்லை. படித்தாலும் என்ஜின் சத்தத்தில் என்ன தெரியப்போகிறது?

கைப்பேசியிலேயே குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் அமைப்புகளை ஒரு முறை திறந்து பாருங்கள். ஐபோனின் குரல் பதிவுச் செயலியில் ஒலித் தரம் என்ற இடத்தில் ‘இழப்பில்லாதது’ என்ற தெரிவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. பாட்டியைப் பாடச் சொல்வதற்கு முன் அதை மாற்றிவிட்டு உட்காருங்கள். அதை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

படி 8: பெயரிடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள், சோதியுங்கள்

ஃபிளாக்கின் விவரக் குறிப்புகள் யூனிகோடில் எழுதப்படுபவை. பாடியவர், ராகம், இடம், நாள் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் அல்லது எம்பி3டேக் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். பெயர்தான் எம்பி3டேக், ஃபிளாக்கிலும் எழுதும். வீட்டுப் பதிவுகளுக்கு, குரல்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அத்தைப்பாட்டியோடு சேர்ந்து பாடும் இரண்டாவது குரல் யாருடையது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை சண்டை.

பிறகு இரண்டு நகல்கள், இரண்டு வெவ்வேறு வட்டுகளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு வீடுகளில். வட்டுகள் ஓசைப்படாமல் பழுதாகும். கோப்பு அங்கேயே இருப்பதுபோல் தெரியும், நடுவில் ஓரிடம் மட்டும் கெட்டிருக்கும். ஃபிளாக்கை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். உருவாக்கும்போதே, உள்ளே இருக்கும் ஒலிக்கு ஒரு கைரேகைபோல, எம்.டி.5 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவைத்துவிடுகிறது. ஃபூபார்2000-இல் கோப்புச் சரிபார்ப்பு வசதியைச் சேர்த்துக்கொண்டு, மொத்தத் தொகுப்பையும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, எண்ணை மறுபடி கணக்கிட்டு, பழைய எண்ணோடு ஒப்பிடும். என் தொகுப்புக்கு ஓர் இரவு ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் ஓடவிடுகிறேன். சென்ற முறை இரண்டு கோப்புகள் பிழை காட்டின. தம்பி வீட்டில் இருக்கும் வட்டிலிருந்து அந்த இரண்டையும் எடுத்து வந்து, மறுபடி சோதித்து, பழுதான வட்டை மாற்றினேன்.